ஆளில்லா ஊருக்கு அங்கத்தினர் இருவர்

‘நெடுங்காலம் நின்று வரும் ஏற்பாடு யாதாயினும் அதனுள் ஏதோ ஒரு நன்மை இருந்தே தீரும்; இல்லையேல் அஃது இத்தனை தலைமுறை நிலைத்திராது’ என்று வாதிப்போர் நம்மிடையே மிகப் பலர். சாதியைப் பற்றிப் பேசினாலும் சடங்கைப் பற்றிப் பேசினாலும் இவ்வாதமே முன்வந்து நிற்கும். கல்வி வாய்ப்பில்லாதார் இதனைச் சொன்னால் பொறுக்கலாம். ஆங்கிலங் கற்ற கனவான்களோ ஒரு படி மேலே சென்று இங்கிலாந்தையே சாட்சிக்கு அழைக்கின்றனர். ‘பார்லிமெண்டுகளின் தாய் எனப் பேர்பெற்ற இங்கிலாந்து பழைய ஏற்பாடு எதனையும் இடித்தெறியவில்லை, பெரியோர் தாமே மனமிரங்கிச் சிறிது சிறிதாய்ப் பொதுமக்களுக்கு உரிமை வழங்கினர், அதுவன்றோ நாகரிகம்!’ என்பது அவர்கள் வாக்கு. சாட்சியை அவர்களே அழைத்துவிட்டபடியால் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை நமக்குண்டு. நாமும் அதே ஆங்கிலப் பள்ளியின் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்களே.

இங்கிலாந்தின் தென்பாகத்தில், வில்ட்ஷயர் ஜில்லாவில், சாலிஸ்பரி நகருக்குச் சற்று வடக்கே ஒரு மேடு இருக்கிறது. ஓல்டு சேரம், அதாவது பழைய சேரம், என்பது அதன் பெயர். (நம் சேர நாட்டிற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை, பெயரைக் கேட்டதும் ஆராய்ச்சிக்குப் புறப்பட்டுவிடும் புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க.) நார்மன் அரசர் காலத்தில் அங்கே கோட்டையும் இருந்தது; பேராலயமும் இருந்தது. 1220ஆம் ஆண்டில் கீழே சமவெளியில் புதிய பேராலயத்திற்கு அடிக்கல் நாட்டினர். மக்களும் மெல்ல மெல்ல அங்கே குடியேறினர். பழைய ஆலயத்தின் கல்லைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போயினர். ஊர் போயிற்று. ஆனால் பார்லிமெண்டுக்கு இரண்டு அங்கத்தினரை அனுப்பும் உரிமை மட்டும் மேட்டைவிட்டு இறங்கவில்லை. 14ஆம் நூற்றாண்டு தொடங்கி 1832 வரையில் ஆளற்ற அம்மேட்டுக்கு இருவர் வீற்றிருந்தனர். கீழேயுள்ள புதிய நகருக்கு வேறு இருவர்!

இஃது எவ்வாறு கூடும் எனின், அங்கே வாக்குரிமை மனிதனுக்கு அன்று, மண்ணுக்கு. குறிப்பிட்ட சில பழைய மனைகள் எவர் பேரில் உள்ளனவோ அவரே வாக்காளர். மனைகளோ ஒரே முதலாளியின் சொத்து. தேர்தல் நெருங்கினால் அவர் தமக்கு வேண்டிய சிலர் பேருக்கு மனைகளை எழுதிக்கொடுப்பார். அவர்கள் வயல் நடுவே ஓர் எல்ம் மரத்தடியில் கூடி, அவர் சுட்டியவரையே ‘தேர்ந்தெடுப்பர்’. 1831ஆம் ஆண்டில் வாக்காளர் பதினொருவர். அவருள் ஒருவரேனும் அங்கே குடியிருந்தவர் அல்லர். தோட்டத்திலே பெரட்டுக்கு வாராத ஆளுக்குச் செக்ரோலில் பேர் போட்ட கிராணி மறுநாளே மூட்டை கட்ட வேண்டியதுதான். இங்கோ வாராத ஆளும் இல்லாத ஊரும் நானூறு ஆண்டுக்கு மேலாகக் கணக்கில் ஏறி வந்தன. அதே வேளையில், நூறாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் ஆலைகளில் உழைத்துக் கிடந்த மான்செஸ்டர் நகருக்கு ஓர் அங்கத்தினரும் இல்லை. லீட்ஸுக்கும் இல்லை, பர்மிங்ஹாமுக்கும் இல்லை.

இம்மேட்டை 1691இல் விலைக்கு வாங்கியவர் யார் என்பது தமிழர் அறியத்தக்கது. அவர் தாமஸ் பிட். கும்பினியின் அனுமதியின்றி இந்தியாவில் வாணிபம் செய்து பொருள் குவித்தவர். அவரைத் தடுத்துத் தடுத்துச் சலித்த கும்பினி, கடைசியில் அவரையே சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னர் ஆக்கிற்று. 1698 முதல் 1709 வரை அப்பதவியில் இருந்தார். அங்கே ஒரு பெரும் வைரத்தை 20,400 பவுனுக்கு வாங்கி, 1717இல் பிரான்சு தேசத்து அரசப் பிரதிநிதிக்குச் சுமார் 135,000 பவுனுக்கு விற்றார். ‘வைரப் பிட்’ என்றே அவருக்குப் பேர். ஓல்டு சேரத்தின் அங்கத்தினராகவும் அவர் பலமுறை அமர்ந்தார்.

அவர் கவர்னராயிருந்த 1707இல் சென்னையில் வலங்கையாருக்கும் இடங்கையாருக்கும் பெருங் கலகம் மூண்டது. எந்தத் தெருவில் எவர் கல்யாண ஊர்வலம் செல்வது என்பதே வழக்கு. துரையவர்கள் இன்ன தெரு இன்ன பிரிவாருக்கு என்று எல்லை வகுத்தார். வகுத்தவரோ தம் ஊரில் இன்ன மனைக்கு இன்ன வாக்கு என்று பத்திரம் வைத்திருந்தவர். பிறந்த சாதியால் தெரு. கிடந்த மண்ணால் ஓட்டு! இரண்டுக்கும் காட்டப்பட்ட நியாயம் ஒன்றே: முன்னோர் வழக்கம்.

இனிப் பழமைவாதிகளின் பெரிய அம்பைப் பார்ப்போம். வைரப் பிட்டின் பேரர் வில்லியம் பிட், இங்கிலாந்தின் தலைசிறந்த மந்திரிகளுள் ஒருவர், 1735இல் பார்லிமெண்டுக்குள் நுழைந்தது இம்மேட்டின் வழியாகத்தான். ‘இவ்வேற்பாடு இல்லையேல் அத்தகைய மேதை கிடைத்திருப்பாரோ?’ என்று அக்காலத்துப் பிரபுக்கள் கேட்டனர். இக்காலத்தும் கேட்பவர் உளர். நாம் திருப்பிக் கேட்கிறோம்: அதே வாயிலில் நுழைந்து பேர் தெரியாமல் மறைந்தோர் எத்தனை பேர்? மான்செஸ்டர் ஆலைத் தெருக்களில் பிறந்து, வாயில் திறக்காமையால் வெளிப்படாமலே மாண்ட பிட்டுகள் எத்தனை பேர்? நானூறு ஆண்டில் ஒரு மேதை என்பது கணக்கு அன்று, சீட்டாட்டம். மேலும் அந்த மேதையே 1766இல் இத்தகைய தொகுதிகளை அரசியலமைப்பின் அழுகிய பாகம் என்று இடித்துரைத்தார். தாம் ஏறிய ஏணி எத்தகையது என்பதை அவர் நன்கறிவார். அவர் மைந்தர் இளைய பிட் பிரதம மந்திரியாயிருந்து, 1785இல், 36 தொகுதிகளை அவற்றின் உடைமைக்காரருக்கு ஈடு கொடுத்தேனும் ஒழிக்கலாம் என்று மசோதா கொணர்ந்தார். மக்களின் உரிமையைக் கவர்ந்தவருக்கு மக்கள் பணத்திலிருந்தே விலை! அதனையும் பார்லிமெண்டு தள்ளிவிட்டது. 1802இல் பிட் குடும்பத்தார் ஓல்டு சேரத்தை 60,000 பவுனுக்குக் கேலிடன் பிரபுவுக்கு விற்றனர். புல் முளைத்த மேட்டுக்கு அவ்வளவு விலை எதற்காக என்பதை வாசகர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

சரி, ‘மனமிரங்கி வழங்கினர்’ என்னும் கதைக்கு வருவோம். 1819இல் மான்செஸ்டரில் பிரதிநிதித்துவம் கேட்டுத் திரண்ட நிராயுதபாணிகள்மீது குதிரைப்படை ஏவப்பட்டது. ஆணும் பெண்ணுமாய்ப் 15 பேருக்குக் குறையாமல் மாண்டனர். காயம்பட்டோர் பல நூற்றுவர். 1830 நவம்பரில் பிரதம மந்திரி வெலிங்டன் பிரபு, இருக்கும் ஏற்பாட்டைவிடச் சிறந்ததொன்றை நினைக்கவும் இயலாது என்னும் கருத்தைச் சபையிலே உரைத்தார். இரண்டு வாரத்தில் அவர் மந்திரிசபை வீழ்ந்தது. கிரே பிரபுவின் சீர்திருத்த மசோதா 1831 மார்ச்சில் காமன்ஸ் சபையில் ஒரே ஒரு ஓட்டில் பிழைத்தது. அக்டோபரில் பிரபுக்கள் சபை அதனைத் தோற்கடித்தது. தோற்கடித்தவருள் திருச்சபை மேற்றிராணிமார் மட்டும் 21 பேர்! வேதமும் விசேஷ உரிமையும் எங்கும் ஒரே திண்ணையில்தான் உட்காரும் போலும். உடனே நாட்டிங்ஹாம் கோட்டை எரிந்தது. பிரிஸ்டல் நகரம் மூன்று நாள் கலகத்தில் கிடந்தது. 1832 மே மாதத்தில் வெலிங்டனே மீண்டும் வருவார் என்று கேள்விப்பட்டதும், ஜனங்கள் இங்கிலாந்து பாங்கியினின்று தங்கத்தைத் திரும்ப வாங்கத் தொடங்கினர். அதன்பின்னர்தான் பெரியோர் மனம் ‘இரங்கிற்று’. 1832 ஜூன் 7இல் மசோதா சட்டமாயிற்று. ஓல்டு சேரம் உட்பட 56 தொகுதிகள் ஒரேயடியாய் ஒழிந்தன.

அச்சட்டத்தால் உழைப்பாளிக்கு வாக்கு வந்துவிடவில்லை. பெண்களையோ அது எழுத்திலேயே விலக்கிவைத்தது. இரகசிய வாக்குமுறை வந்தது 1872இல். பெண்கள் ஆடவரோடு சமமாய் வாக்களித்தது 1928ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான். அவையும் ஊர்வலத்தாலும் சிறையாலும் பெற்றவையேயன்றி, விருந்து மேசையில் பரிமாறப்பட்டவை அல்ல. நம் கனவான்கள் சாட்சியை அழைக்குமுன் அதன் வாக்குமூலத்தை ஒருமுறை படித்திருக்கலாம்.

ஓல்டு சேரத்தின் கடைசிக் கணக்கு ஒன்று பாக்கி. இளைய பிட் கொடுக்க நினைத்த ஈடு 1832ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. கேலிடன் பிரபுவுக்கு ஒரு பென்னியும் கிட்டவில்லை. 60,000 பவுன் கொடுத்த இடத்தில் அவருக்கு எஞ்சியது மேடும் புல்லும்.