உடன்பிறந்தவரும் அதே மூளையோடுதான் இருக்கிறார்: மரபணுப் பரிசோதனை குறித்து எங்கள் நிலைப்பாடு

கொக்கெய்னிலும் மெத்தம்ஃபெட்டமைனிலும் சிக்கியவர்களின் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள் நாங்கள். "பரம்பரை புத்தி, எங்கே போகும்?" என்ற பேச்சு அந்த வீடுகளில் அடிக்கடி காதில் விழும். இப்போது அதற்கு மரபணு என்று புதுப் பெயர் வந்திருக்கிறது. மரபணுவைக் காட்டி ஒருவரைப் போதைக்கு ஆளாகப் போகிறவர் என்று முத்திரை குத்துவதை நாங்கள் எதிர்க்கிறோம்.

போதைப் பழக்கத்தோடு தொடர்புள்ள அவசர புத்திக்கு மரபணுவில் வேர் உண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை. 2012-இல் வெளியான ஆய்வில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேரன் எர்ஷெயின் குழு 50 ஜோடி உடன்பிறப்புகளைச் சோதித்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் போதைக்கு அடிமை, மற்றவர் அப்படி இல்லை. திரையில் அம்புக்குறி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். இடையில் ஓர் ஒலி கேட்டால் நீட்டிய விரலை நிறுத்திவிட வேண்டும். அடிமையானவர்கள் விரலை நிறுத்தத் திணறினார்கள். அடிமையாகாத உடன்பிறப்புகளும் அதேபோல் திணறினார்கள். மூளையின் முன்பகுதியை உட்பகுதிகளோடு இணைக்கும் அமைப்பிலும் இருவரிடமும் ஒரே மாதிரி வேறுபாடு தெரிந்தது.

எங்கள் நிலைப்பாடு இந்த ஆய்வின் மேல்தான் நிற்கிறது. பிரேக் பிடிக்கத் தாமதமாகும் அதே மூளையோடு இன்னொருவர் ஒழுங்காக வாழ்ந்துகொண்டிருக்கிறார். மரபணுப் பரிசோதனை அவரையும் போதைக்கு ஆளாகப் போகிறவராகத்தானே காட்டும்?

அவசர புத்தி ஒற்றை மரபணுவின் வேலையும் அல்ல. டோபமைன் ஏற்பி மரபணுக்களைப் பற்றி ஒருகாலத்தில் பெரிதாகப் பேசினார்கள்; பெரிய ஆய்வுகளில் அந்த முடிவுகள் நிலைக்கவில்லை. அப்படியிருந்தும், ஓபியாய்டு அடிமைத்தன அபாயத்தைக் கணிக்கும் மரபணுப் பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. அதைத் திரும்பப் பெறச் சொல்லி மறு ஆண்டே வல்லுநர்கள் பலர் கடிதம் எழுதினார்கள். கொக்கெய்னுக்கும் இப்படி ஒன்று சந்தைக்கு வர விடக்கூடாது. வேலைக்கு எடுப்பதிலோ, காப்பீட்டிலோ, தண்டனை விதிப்பதிலோ இத்தகைய பரிசோதனைக்கு இடம் தரவே கூடாது.

பணத்தைச் சிகிச்சைக்குச் செலவிடுங்கள். கொக்கெய்ன், மெத்தம்ஃபெட்டமைன் போதையிலிருந்து விடுவிக்க அமெரிக்காவில்கூட அங்கீகாரம் பெற்ற மருந்து கிடையாது. நன்றாகப் பலன் தருவது பரிசு முறைதான்: சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் அப்போதே கையில் ஒரு கூப்பன். அடுத்த வருடம் கிடைக்கப்போகும் நன்மைக்காகக் காத்திருக்க முடியாத மனசுக்கு, இன்றைக்கே கிடைக்கும் சிறு பரிசு பிடிமானமாகிறது. ஆராய்ச்சி நிதி ஒதுக்குபவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறோம்: போதையில் விழாத அந்த உடன்பிறப்பைத் தாங்கிப் பிடித்தது எது என்று தேடுங்கள்.