வாயை மூட வேண்டாம். காதை மூடினால் போதும்!

டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து ஊர் விஷயம் பேசுகிறார்கள். ஒருவன் வருகிறான். வந்ததும் வசை பாடத் தொடங்குகிறான். தாயைப் பழிக்கிறான். சாதியை இழுக்கிறான். நேற்றும் வந்தான். நாளையும் வருவான்.

அந்த நாலு பேரும் என்ன செய்வது? அவனை அடித்துத் துரத்தினால் வம்பு. பதில் சொன்னால் அவனுக்குக் கொண்டாட்டம். எழுந்து போய் விட்டால் கடை அவனுக்கே சொந்தம்!

இணையத்திலும் இதே கதைதான். ஒரு பெண் சமையல் குறிப்பு எழுதுகிறாள். பத்துப் பேர் படித்து விட்டு நல்ல கருத்துச் சொல்கிறார்கள். பதினோராவது ஆள் அசிங்கமாக எழுதுகிறான். அந்த ஒருவனுக்குப் பயந்து எழுதுவதையே விட்டு விடுகிற பெண்கள் உண்டு. "இனி அந்தப் பக்கம் போகாதே" என்று வீட்டில் உள்ளவர்களும் சொல்லி விடுகிறார்கள்.

தப்புச் செய்தவன் இருக்கிறான். தப்புச் செய்யாதவள் வெளியேறுகிறாள். இது என்ன நியாயம்?

இதற்கு ஒரு வழி உண்டு. அவன் வாயை மூட வேண்டியது இல்லை. படிக்கிறவர் தம் காதை மூடிக் கொண்டால் போதும். அதற்கான கருவி 40 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் பிறந்து விட்டது.

மாணவர்கள் போட்ட திண்ணை

அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில், டியூக் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1979-ம் ஆண்டு அங்கே படித்த டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. டெலிபோன் கம்பி வழியாக ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குச் செய்திகளை அனுப்பினால் என்ன?

1980-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பெயர் "யூஸ்நெட்".

அதில் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு குழு. விஞ்ஞானத்துக்கு ஒன்று. சங்கீதத்துக்கு ஒன்று. ஒருவர் எழுதியது கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகத் தாவி ஊர் ஊராகப் போகும். அதற்கு முதலாளி என்று யாரும் கிடையாது. பெரும்பாலான குழுக்களில் காவல்காரரும் கிடையாது.

திறந்த திண்ணையில் நல்லவர்கள் மட்டுமா உட்காருவார்கள்? வம்பர்களும் வந்தார்கள்.

"தொப்" என்று விழுந்தது!

1984-ம் ஆண்டு லாரி வால் என்ற அமெரிக்கர், யூஸ்நெட் செய்திகளைப் படிப்பதற்கு "ஆர்.என்." என்ற கம்ப்யூட்டர் நிரலை வெளியிட்டார். 1987-ல் "பெர்ல்" என்ற கம்ப்யூட்டர் மொழியை உண்டாக்கிப் புகழ் பெற்றவர் இவரேதான்.

அந்த நிரலில் "கில் ஃபைல்" என்று ஒரு வசதி இருந்தது. "கொல்லும் கோப்பு" என்று அர்த்தம். பெயர்தான் பயங்கரம். யாரையும் அது கொல்லாது. அது வெறும் பட்டியல்.

யாருடைய எழுத்து வேண்டாமோ, அவர் பெயரைப் படிக்கிறவர் அந்தப் பட்டியலில் எழுதி வைப்பார். அவ்வளவுதான்! அன்று முதல் அந்த ஆள் எழுதுவது இவர் கண்ணில் படாது. மற்றவர்களுக்கு எல்லாம் வழக்கம் போலத் தெரியும். எழுதியவன் எழுத்து ஒன்றும் அழிவது இல்லை. தன்னை ஒருவர் படிக்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியாது.

ஒரு வம்பனைப் பட்டியலில் சேர்த்ததும் "பிளாங்க்" என்று எழுதுவது யூஸ்நெட்காரர்களின் வழக்கம். பட்டியலின் அடியில் அவன் போய் விழுந்த சத்தமாம் அது! தமிழில் சொன்னால் "தொப்"!

பழி வாங்கியதால் வந்த வினை

இப்படி ஒதுக்குவதற்குப் பதிலாகப் பழி வாங்கப் புறப்பட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு சம்பவம் உண்டு.

1994-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு வக்கீல் தம்பதி, தங்கள் தொழிலுக்கு யூஸ்நெட்டில் விளம்பரம் செய்தார்கள். ஒரு குழுவில் அல்ல, இரண்டு குழுவில் அல்ல. ஐயாயிரத்துக்கும் அதிகமான குழுக்களில்!

படித்தவர்களுக்கு ஆத்திரம் பொங்கியது. திட்டுக் கடிதங்களை மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். பாரம் தாங்காமல், அந்தத் தம்பதிக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர் நின்று போயிற்று. ஒரு பாவமும் அறியாத மற்ற வாடிக்கையாளர்கள் அவதிப்பட்டார்கள்.

அந்தத் தம்பதி என்ன செய்தார்கள்? தங்களுக்கு லாபம்தான் என்று சொல்லி, இணையத்தில் பணம் பண்ணுவது எப்படி என்று புத்தகமே எழுதி விட்டார்கள்!

"துஷ்டனைக் கண்டால் தூர விலகு" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? துஷ்டனைத் திட்டினாலும் அவனுக்கு அது விளம்பரம். திரும்பிப் பார்க்காமல் போவதுதான் அவனுக்குத் தண்டனை.

மெக்கானிக் குரங்கு

பிறகு இணையப் பக்கங்கள் வந்தன. அவற்றைத் திறந்து காட்டும் கருவிக்கு "பிரவுசர்" என்று பெயர். 2005-ம் ஆண்டு ஆரன் பூட்மன் என்பவர், "ஃபயர்ஃபாக்ஸ்" என்ற பிரவுசரில் சேர்த்துக் கொள்வதற்கு "கிரீஸ்மங்கி" என்ற துணைக் கருவியை வெளியிட்டார். "கிரீஸ் பூசிய குரங்கு" என்று சொல்லுக்குச் சொல் அர்த்தம். மெக்கானிக்குக்கு அமெரிக்கர்கள் வைத்த கேலிப் பெயர் அது.

பெயருக்கு ஏற்ற வேலை! இணையப் பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்ததும், அதை இந்தக் கருவி பழுது பார்க்கும். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தால் போதும். "இந்தப் பெயர் உள்ள கருத்தைக் காட்டாதே" என்று அதில் எழுதியிருந்தால், அது ஒவ்வொரு கருத்தின் பெயரையும் பார்க்கும். பட்டியலில் உள்ள பெயர் வந்தால் அந்தக் கருத்தை மறைத்து விடும். வேண்டுமானால் "காட்டு" என்று ஒரு பொத்தானும் வைத்துக் கொள்ளலாம்.

மாற்றம் எல்லாம் படிக்கிறவரின் கம்ப்யூட்டருக்குள்தான். அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே பக்கம் முழுமையாகத் தெரியும்.

இதில் குறைகளும் உண்டு. வம்பன் வேறு பெயரில் வந்தால் நிரல் ஏமாந்து போகும். பக்கத்தின் அமைப்பை மாற்றி விட்டால் நிரல் வேலை செய்யாது. முக்கியமான எச்சரிக்கை ஒன்று: முகம் தெரியாதவர் எழுதிய நிரலைச் சேர்க்கக் கூடாது. பக்கத்தில் தட்டுகிற ரகசியச் சொல்லைக் கூட அது திருடி விடலாம். காவலுக்கு வைத்தவனே கன்னம் வைத்த கதை ஆகி விடும்!

கோர்ட்டு கண்ட வித்தியாசம்

"பிறர் கருத்தை மறைப்பது பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதம் ஆகாதா?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் இது கோர்ட்டுக்கே போயிற்று.

டொனால்ட் டிரம்ப் முதல் தடவை ஜனாதிபதியாக இருந்தபோது, ட்விட்டரில் தம்மைக் குறை சொன்னவர்களைத் தடை செய்தார். தடை செய்யப்பட்டவர்கள் 2017-ல் வழக்குப் போட்டார்கள். 2018-ம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நீதிபதி நவோமி ரைஸ் புச்வால்ட், "தடை செய்தது தப்பு" என்று தீர்ப்புக் கூறினார்.

அந்தத் தீர்ப்பில் அவர் ஒரு வித்தியாசத்தை எடுத்துக் காட்டினார். ஒருவருடைய பேச்சைத் தம் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துக் கொள்வது வேறு. அவர் வந்து பதில் எழுத முடியாமல் தடுப்பது வேறு. கேட்காமல் இருக்க ஜனாதிபதிக்கும் உரிமை உண்டு. பேச விடாமல் தடுக்கத்தான் உரிமை இல்லை.

டிரம்ப் பதவியை விட்டு இறங்கியதும், வழக்குக்கு இனி அவசியம் இல்லை என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு அப்பீல் கோர்ட்டின் தீர்ப்பை நீக்கியது. ஆனாலும் நீதிபதி காட்டிய வித்தியாசம் எல்லா நாட்டுக்கும் பொருந்தும்.

நம் நாட்டிலும் ஒரு பாடம் கிடைத்தது. எரிச்சல் ஊட்டும்படி இணையத்தில் எழுதுகிறவர்களை 3 ஆண்டு வரை சிறையில் தள்ள 66-ஏ என்ற சட்டப் பிரிவு இருந்தது. 2012-ல் மராட்டிய மாநிலம் பால்கரில், ஃபேஸ்புக் கருத்துக்காக இரண்டு இளம் பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். நாடு கொதித்தது. 2015-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பிரிவை ரத்து செய்தது.

எரிச்சலுக்கு எல்லாம் ஜெயில் வேண்டாம். எரிச்சல் ஊட்டுகிறவனைப் படிக்காமல் விட்டாலே போதும்!

எங்கே நிறுத்துவது?

ஆனால் திரையைக் கண்ட இடத்தில் எல்லாம் போடக் கூடாது. மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, கொலை மிரட்டலையும், பெண்களுக்கு எதிரான ஆபாச மிரட்டலையும் மறைத்து விட்டுச் சும்மா இருக்கக் கூடாது. திரை போட்டவருக்குத்தான் அது தெரியாது. மிரட்டியவன் அங்கேயேதான் இருக்கிறான். அதைப் படம் பிடித்து வைத்துக் கொண்டு சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, அதிகாரத்தில் இருப்பவர்கள். பொதுமக்கள் குறையைக் கேட்பதுதான் அவர்கள் வேலை. குடிநீர் வரவில்லை என்று பத்துத் தடவை எழுதுகிறவர் வம்பர் அல்ல. பத்துத் தடவை எழுத வைத்ததுதான் தப்பு!

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. திட்டுகிறவன் ஒருவன். மறுத்துப் பேசுகிறவர் இன்னொருவர். இருவரும் ஒன்று அல்ல. "நீங்கள் சொன்ன கணக்கு தப்பு" என்று ஒருவர் சொன்னால் மனம் சுருக்கென்கும். அதற்காக அவரையும் பட்டியலில் போட்டால் பிறகு யார் மிஞ்சுவார்கள்? ஆமாம் சாமி போடுகிறவர்கள்தான்! ஜமீன்தார்களை ஆமாம் சாமிகள் கெடுத்த கதை ஊருக்கு ஊர் உண்டு. இன்று செல்போன் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அப்படி ஒரு சின்ன ஜமீன்தார் ஆகி விட முடியும்.

ஆகவே பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கும் முன் ஒரு கேள்வி கேட்டால் போதும். "இவர் என்னைக் கேவலப்படுத்தினாரா, அல்லது என் கருத்தை மறுத்தாரா?" கேவலப்படுத்தியிருந்தால், "தொப்"! மறுத்திருந்தால், இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

வீட்டுக்குக் கதவு அவசியம். ஜன்னலும் அவசியம். வம்பனுக்குக் கதவைச் சாத்துகிறவர், காற்று வருகிற ஜன்னலையும் சேர்த்துச் சாத்தி விடக் கூடாது.