துல்லிய மருத்துவமும் 'ஆர்' விகுதியும்

ஆங்கில விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழாக்குவோர்க்குப் பெருந்தொல்லை தருவன கலைச்சொற்களே என்பது பொதுவான கருத்து. என் அனுபவத்தில் அவற்றினும் மிகுந்த பிழைக்கு இடமளித்தது ஒரு சிறு விகுதி. 'ரௌலி கண்டறிந்தார்' என்று எழுதுகிறோம். 'ஆர்' மரியாதையைத் தருகிறது. கண்டறிந்தவர் ஆணா, பெண்ணா என்பதை மறைத்தும் விடுகிறது. ஆங்கிலத்தில் அடுத்த வாக்கியத்திலேயே ஒரு சுட்டுப்பெயர் வந்து உண்மையைக் கூறிவிடும். தமிழிலோ கட்டுரை முடியும் வரையில் 'அவர்' தான். படிக்கும் மாணவனின் மனக்கண்முன் மூக்குக்கண்ணாடி அணிந்த ஓர் ஆடவர் உருவமே எழுகிறது. இதற்கு அவனைக் குறை கூறுவதற்கில்லை.

எத்துறையிலும் நேரக்கூடியதே இது. எனினும் துல்லிய மருத்துவம் எனப்படும் புதிய துறையில் இதனால் விளையும் நட்டம் அதிகம். ஒரே பெயருடைய நோய் வந்த அனைவர்க்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதை விடுத்து, ஒவ்வொருவருடைய உயிரணுக்களிலும் உள்ள மாறுதலைக் கண்டு அதற்கேற்ற மருந்தைத் தேர்வதே அத்துறையின் நோக்கம். அதன் அடித்தளத்துக் கற்களில் பலவற்றை இட்டவர்கள் பெண்கள்.

ஜேனட் ரௌலி அம்மையாரின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் மருத்துவ வகுப்பில் அக்காலத்தில் 65 மாணவர்க்கு இடம் இருந்தது. அவற்றுள் பெண்களுக்கு உரியவை 3. அம்மூன்றும் நிரம்பிவிட்டமையால் ரௌலி ஒன்பது மாதங்கள் காத்திருந்து சேர்ந்தார். 1948-இல் பட்டம் பெற்றார்; மறுநாள் திருமணம். நான்கு புதல்வர்களை வளர்த்துக்கொண்டே வாரத்தில் சில நாட்கள் மட்டும் பணியாற்றி வந்தார். கணவருடன் ஆக்ஸ்போர்டு சென்றிருந்த காலத்தில் குரோமோசோம்களை ஆராயும் முறைகளைக் கற்றார். திரும்பி வந்தபின், புகைப்படங்களிலிருந்து குரோமோசோம்களைக் கத்தரியால் வெட்டி, வீட்டில் உணவு உண்ணும் மேசையின்மீது பரப்பி ஒழுங்குபடுத்துவார். அம்மா காகிதப் பொம்மைகளோடு விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தனராம்.

ஒருவகை இரத்தப் புற்றுநோயாளரின் உயிரணுக்களில் 22-ஆம் குரோமோசோம் குறுகியிருப்பதை நோவெல், ஹங்கர்போர்டு ஆகிய இருவரும் 1960-லேயே கண்டிருந்தனர். குறைந்த பகுதி அழிந்தொழிந்தது என்பதே அன்றைய எண்ணம். அது அழியவில்லை, 9-ஆம் குரோமோசோமின் நுனியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை 1973-இல் வெளிப்படுத்தியவர் ரௌலி அம்மையார். இந்த இடமாற்றத்தால் இரண்டு ஜீன்கள் ஒன்றாய் இணைகின்றன. இணைந்த ஜீனிலிருந்து பிறக்கும் நொதி, 'பெருகு, பெருகு' என்று உயிரணுவுக்கு ஓயாது ஆணையிடுகிறது. இவை பின்னர் வந்தோர் கண்டவை. அந்நொதியின் வாயை அடைக்கும் இமாட்டினிப் என்னும் மருந்து 2001-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அம்மருந்தின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்திற்குத் தனியுரிமை வழங்க 2013 ஏப்ரலில் நம் உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. மேசைமீது கிடந்த காகிதத் துண்டுகளுக்கும் நம் நாட்டு நோயாளி உண்ணும் மாத்திரைக்கும் இடையே இத்தகைய நேர்த் தொடர்பு உண்டு.

மேரி-கிளேர் கிங் அம்மையாரின் வழி வேறு. மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதற்கு ஒரு தனி ஜீனே காரணமாகலாம் என்பதைப் பலர் நம்பாத காலத்தில், 23 குடும்பங்களின் வமிசாவளிகளை ஆராய்ந்து, அது 17-ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990-இல் அவர் காட்டினார். யார் யாருக்கு எந்த வயதில் நோய் வந்தது என்று கேட்டுக் குறித்த விவரமே அங்கு மூலப்பொருள். களப்பணியாளர்கள் இதனைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

நிற்க. என் பிழை ஒன்றையும் கூறியாக வேண்டும். அரிவாளணு இரத்தசோகையைப் பற்றிய கட்டுரை ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் தமிழாக்கினேன். நீலகிரி மலைவாழ் மக்களின் இரத்தத்தில் அந்நோயின் பண்பு காணப்படுவதை 1952-இல் லேமனும் கட்புஷும் அறிவித்த செய்தி அதில் இருந்தது. எனக்குக் கிடைத்த பிரதியில் பெயர்களின் முதலெழுத்துக்களே இருந்தன. நான் 'இவ்விரு கனவான்களும்' என்று அலங்காரமாக எழுதி வைத்தேன். பின்னரே அறிந்தேன்: எம். கட்புஷ் என்பவர் மரீ கட்புஷ் அம்மையார். டஃபி என்னும் இரத்தப் பிரிவை 1950-இல் அறிவித்தவர்களுள் ஒருவர்.

அதே நோய்க்காக 7 கோடி மக்களின் இரத்தத்தைச் சோதிக்கும் இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கப்பெற்றது. ஊர் ஊராகச் சென்று மக்களை அழைத்துவரும் ஆஷா பணியாளர் அனைவரும் பெண்களே. அந்நோய்க்கான புதிய ஜீன் சிகிச்சை ஒன்று 2023 நவம்பரில் பிரிட்டனில் அங்கீகாரம் பெற்றது. அதற்கு அடிப்படையான கிரிஸ்பர் முறைக்காக 2020-இல் நோபல் பரிசு பெற்ற ஷார்ப்பான்தியே, டௌட்னா இருவரும் பெண்கள். இவ்வளவையும் 'ஆர்' விகுதியால் மூடிவிட்டு, பெண் பிள்ளைகள் விஞ்ஞானம் பயில முன்வரவில்லையே என்று நாம் மேடைகளில் வருந்துகிறோம்.

விஞ்ஞானிக்கு ஆண், பெண் என்ற பேதம் எதற்கு என்று கேட்பாரும் உளர். 'கியூரி அம்மையார்' என்கிறோம். 'ஐன்ஸ்டீன் ஐயா' என்பதில்லையே என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். அவர் கூற்றில் பாதி நியாயம். வரிக்கு வரி 'அம்மையார்' என்று எழுதினால் அது விஞ்ஞானத்தை விட்டு அதிசயத்தைக் காட்டுவதாகிவிடும். இக்கட்டுரையிலேயே நான் அளவு மீறிவிட்டேன். முதன்முறை பெயர் வருமிடத்தில் முதலெழுத்தோடு நில்லாமல் முழுப்பெயரைத் தருவது, அங்கு ஒருமுறை மட்டும் 'அம்மையார்' என்பது, பிறகு எல்லோரையும் போல் 'அவர்' என்பது: இவ்வளவு போதும். வகுப்பில் குரோமோசோம் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பெயரை வாய்விட்டுக் கூறும்போதும் இதனைக் கையாளலாம்.

என் பழைய மொழிபெயர்ப்பின் பிரதி தம்மிடம் இருப்பின், அன்பர்கள் 'கனவான்களும்' என்ற சொல்லை மையினால் அடித்துவிட்டு 'ஆய்வாளர்களும்' என்று திருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.