எளிமையின் பெயரால் ஓர் அழிப்பு: காபரேற்றரும் எரிபொருள் உட்செலுத்தலும்

பழைய பொருள்களைப் பேணுவோரிடையே ஒரு மயக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. எளியது யாவும் பழையது, சிக்கலானது யாவும் பிற்காலத்தது என்பதே அம்மயக்கம். பழைய ஸ்போட்ஸ் கார்களைப் பேணும் துறையில் இது காபரேற்றர் வழிபாடாக உருப்பெற்றுள்ளது. காபரேற்றரே பழமையின் சின்னம், எரிபொருள் உட்செலுத்தலோ புதுமையின் ஊடுருவல் என்று கொள்ளும் இவ்வழிபாட்டினால், தொழில்நுட்ப வரலாற்றின் சான்றுகள் கழற்றி எறியப்படுகின்றன. இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் உருவான ட்ரயம்ப் ரி. ஆர். 5, ரி. ஆர். 6 ஆகிய கார்களுக்கு நேர்ந்த கதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

முதலில் காலவரிசையை நோக்குதல் வேண்டும். 1952இல் லெ மான் ஓட்டப்போட்டியில் வென்ற மேர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ். எல். காபரேற்றர் பூண்டது. அதே பெயருடன் 1954இல் பொதுமக்களுக்கென வெளிவந்த காரோ, உருளைகளுக்குள் நேரே பெற்றோலைச் செலுத்தும் பொஷ் கருவியைக் கொண்டிருந்தது. 1957இல் லெ மானில் வென்ற ஜகுவார் டி வகைக் கார் லூக்காஸ் உட்செலுத்தற் கருவியுடன் ஓடியது. ஆகவே 1967இல் ரி. ஆர். 5 லூக்காஸ் கருவியுடன் வெளிவந்தபோது, அக்கருவி பின்னாளில் வந்து ஒட்டிய அணி அன்று. அக்காரின் பிறப்பிலேயே அமைந்த உறுப்பு.

இக்காருக்கு ஓர் இரட்டைப் பிறவியும் உண்டு. 2,498 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அதே ஆறு உருளைப் பொறியைக் கொண்டு, ஐக்கிய அமெரிக்காவுக்கென ரி. ஆர். 250 உருவாக்கப்பட்டது. உட்செலுத்தல் பெற்ற ரி. ஆர். 5க்கு 150 பரிவலு கூறப்பட்டது. இரண்டு ஸ்ட்ரொம்பேர்க் காபரேற்றர் பெற்ற ரி. ஆர். 250 நூறைச் சற்றே தாண்டியது. முன்னது 2,947 கார்களும் பின்னது 8,484 கார்களும் உற்பத்தியாயின. அமெரிக்காவுக்குக் காபரேற்றர் சென்றமைக்கு முக்கிய காரணம், 1968ஆம் ஆண்டு மாதிரிகள் மீது அங்கு விதிக்கப்பட்ட புகைக் கட்டுப்பாடாகும். லூக்காஸ் கருவி அவ்விதிக்கு இசைந்து கொடுக்கவில்லை. இன்று பழமையின் சின்னமெனப் போற்றப்படும் காபரேற்றர், அன்று சட்டத்துக்கு அடங்கிய ஏற்பாடாகவே இக்காரில் இடம்பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதற்கு மறுப்பாக எழுவது நம்பகத்தன்மை பற்றிய வாதம். லூக்காஸ் கருவி வழியில் நின்றுவிடும், எந்தக் கராஜிலும் அதனைத் திருத்த இயலாது, ஆதலால் கழற்றிவிடுதலே அறிவுடைமை என்பர். இக்குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. இம்முறையில் மின்பம்பி ஒன்று பெற்றோலைச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 இறாத்தல் அமுக்கத்தில் அனுப்புகின்றது. உள்வாங்கு குழாயின் வெற்றிட அளவை உணரும் அளவீட்டுக் கருவி, ஒவ்வோர் உருளைக்கும் உரிய பங்கை அளந்து முறைப்படி வழங்குகின்றது. இப்பம்பியின் மோட்டார், முன்கண்ணாடித் துடைப்பானின் மோட்டாரிலிருந்து உருவாக்கப்பட்டது. நெடுநேர ஓட்டத்தில் அது சூடேறும். தாங்கியில் பெற்றோல் குறையுமிடத்து, திரும்பத் திரும்பச் சுழன்று வரும் எரிபொருளும் சூடேறி ஆவியாகும்; அமுக்கம் வீழ்ந்து பொறி தடுமாறும். இவை மறுப்பதற்கில்லை.

ஆயின், குறை எங்குள்ளது என்பதே வினா. குறை பெரிதும் பம்பியில் உள்ளது. அளந்து வழங்கும் தத்துவத்தில் அன்று. பிற்காலத்துப் பொஷ் பம்பியைப் பொருத்தியோர் அக்குறையைப் பெரும்பாலும் நீக்கியுள்ளனர். ஒரு பம்பியை மாற்றித் தீர்க்கத்தக்க குறைக்காக முழு அமைப்பையும் அகற்றுதல், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதை ஒக்கும். காபரேற்றரிலேயே கைபழகிய திருத்துநர் அளவீட்டுக் கருவியை அறிந்திராமை அவர்தம் பயிற்சியின் குறையேயன்றிக் கருவியின் குறையாகாது. அறியாமையைக் கருவியின் மேல் ஏற்றிய தீர்ப்பே பல கார்களின் விதியை முடிவுசெய்தது.

மாற்றத்தின் பயனையும் ஆராய்தல் வேண்டும். ரி. ஆர். 5இன் 150 பரிவலு உட்செலுத்தலால் மட்டும் விளைந்ததன்று. உயர்ந்த நெருக்கல் விகிதமும், வாயில்களை நெடுநேரம் திறந்துவைக்கும் சுழற்தண்டும், ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே அமைந்த காற்றுக் கதவுகளும் ஒருங்கே இயைந்தே அவ்வலுவைத் தந்தன. இவற்றுள் ஒன்றைப் பிடுங்கி இரண்டு சிறு காபரேற்றர்களைப் பொருத்துமிடத்து, எஞ்சிய உறுப்புகள் தமக்குப் பொருந்தாத துணையுடன் இயங்க நேரும். மூன்று இரட்டைக்குழல் வெபர் காபரேற்றர்களால் அவ்வலுவை மீட்கலாம் என்பது மெய்யே. ஆயின் அவ்வாறு கிடைப்பது நல்லதொரு கார்தானே தவிர, 1967இல் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட ரி. ஆர். 5 அன்று.

இவ்வாதம் மறுபக்கத்தாரையும் விடுவதில்லை. காபரேற்றருடன் பிறந்த காரில் கணினியால் இயங்கும் உட்செலுத்தலைப் புகுத்துவோரும் இதே தவற்றையே புரிகின்றனர். எஸ். யு. காபரேற்றர் இழிந்த கருவியன்று. புகும் காற்றின் அளவுக்கேற்பத் தானே உயர்ந்து தாழும் முசலமும், அதனுடன் இணைந்து பெற்றோலின் வழியைக் கூட்டிக் குறைக்கும் கூரிய ஊசியும், மின்சாரத்தின் உதவியின்றியே நுட்பமான கணிப்பொன்றை நிகழ்த்துகின்றன. இதனைக் கழற்றி, காபரேற்றரைப் போன்றே வார்க்கப்பட்ட உறைக்குள் மின் உட்செலுத்திகளை ஒளித்துவைப்போரும் உளர். அவர்கள் பழமையின் முகமூடியை மட்டுமே விரும்புகின்றனர். கழிவுப் புகையின் ஒட்சிசனை உணரும் கருவி 1976இல் பயன்பாட்டுக்கு வந்தபின், மின்னணு உட்செலுத்தல் புகையையும் செலவையும் குறைப்பதில் காபரேற்றரை விஞ்சியது என்பதில் ஐயமில்லை. அது நாள்தோறும் ஓடும் காருக்கு உரிய நியாயம். சான்றாகப் பேணப்படும் காருக்கு உரியதன்று.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர் அறிந்த நெறி ஒன்றுண்டு. அரிய பாடம் விளங்கவில்லை என்பதற்காக எளிய பாடத்தை இட்டு நிரப்புதல் பதிப்பாகாது. திருத்தம் வேண்டுமாயின் மூலபாடம் அடிக்குறிப்பிலேனும் நிற்றல் வேண்டும். பொறிகளுக்கும் இந்நெறி பொருந்தும். பழைய மோட்டார் வண்டிகளுக்கான அனைத்துலகச் சம்மேளனம் 2012இல் ஏற்றுக்கொண்ட டியூரின் சாசனம், மாற்றங்கள் மீளப்பெறத்தக்கனவாக அமைதல் வேண்டும் என்றும், அகற்றிய மூல உறுப்புகள் வண்டியுடன் பேணப்படுதல் நன்று என்றும் கூறுவது இதனையே. பம்பியை மாற்றுதலும், எதனோல் கலந்த இன்றைய பெற்றோலைத் தாங்கும் இறப்பர் உறுப்புகளைப் பொருத்துதலும் இந்நெறிக்கு முரணாகா. அளவீட்டுக் கருவியைக் குப்பையில் எறிதல் முரணாகும்.

கார் உரிமையாளரின் சொத்து. விரும்பியவாறு மாற்ற அவருக்கு உரிமையுண்டு என்பர். உரிமை உண்டு, ஆனால் அம்மாற்றத்தைப் ‘பழமை பேணல்’ என்று அழைக்கும் உரிமை இல்லை. கருவி கழற்றப்படும்போது உலோகம் மட்டும் மறைவதில்லை. அதனைப் பிரித்து, செப்பனிட்டு, மீளப் பூட்டும் கையறிவும் மறைகின்றது. திருத்த ஆளில்லை என்று கழற்றுகின்றனர். கழற்றக் கழற்றத் திருத்தப் பழகுவோரும் அருகுகின்றனர். இச்சுழலை அறுக்க வழி ஒன்றே. காபரேற்றருடன் பிறந்தது காபரேற்றருடனும், உட்செலுத்தலுடன் பிறந்தது உட்செலுத்தலுடனும் ஓடட்டும். எளிமையை நாடுவோர் எளிய காரை வாங்கட்டும். அரிய காரை எளிதாக்க வேண்டியதில்லை.