கையெழுத்திடத் தயங்கும் பெற்றோர்களுக்கு

நம் தமிழ்ப்பள்ளியில் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட பிள்ளைகளின் பெற்றோர், ஐயம் எழுந்தால் இன்றும் பழைய ஆசிரியரைத் தேடி வருவதுண்டு. அவ்வாறு வருவோர் கையில் நான் காணும் தாள்களுள் ஒன்று, தாலசீமியா இரத்தப் பரிசோதனைக்கான ஒப்புதல் படிவம். சுகாதார அமைச்சு 2016-ஆம் ஆண்டு நான்காம் படிவ மாணவர்களுக்கென இதனைத் தொடங்கியது. பெற்றோர் ஒப்பமிட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

“பொம்பளப் பிள்ள சார், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்றது?”

இவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நம்மிடையே ஒரு சொல் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை யாவரும் அறிவோம். ஆயினும், மரபணுவைச் சுமப்பவர் (மலாயில் ‘பெம்பாவா’ என்பர்) நோயாளி அல்லர். பீட்டா வகை மரபணுவைச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடுமையான நோயுடன் குழந்தை பிறக்கலாம். மூத்த பிள்ளை நலமாகப் பிறந்ததால் இளையதற்கு ஆபத்துக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கடுமையான நோயுள்ள குழந்தைக்கோ மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை அகற்ற வேறு மருந்தும் தேவை.

இதனைப் பெற்றோருக்கு விளக்க வேண்டியவர் யார்? குடும்ப மருத்துவரே. பின்னத்தில் நான்கில் ஒன்றை மாணவருக்கு விளங்க வைக்க நமக்கு ஒரு வாரம் பிடிக்கிறது. கிளினிக்கிலோ ஐந்து நிமிடம்! இன்னொன்றும் உண்டு. சுமப்பவரின் சிவப்பணுக்கள் சிறியவை. இரும்புச்சத்துக் குறைந்தவருக்கும் அப்படியே. அளவை மட்டும் பார்த்து இரும்பு மாத்திரை கொடுத்தனுப்பினால், உண்மை மறைந்தே கிடக்கும். இரும்பின் அளவையும் ஹீமோகுளோபின் வகையையும் சோதித்தால்தான் தெளிவு பிறக்கும். எனவே, மருத்துவர்களுக்கு மரபியலைக் கற்பிப்போர், ஒரு தாயின் முன் அமர்ந்து அதனை அவர் மொழியில் சொல்லும் முறையையும் கற்பித்தாக வேண்டும் என்பது என் கருத்து. விளக்கமின்றி முடிவுத்தாளை மட்டும் நீட்டினால் வதந்திதான் விளக்கம் சொல்லும்.

பெற்றோர்களே, கையெழுத்திடுங்கள். பத்துப் பொருத்தம் பார்க்கும் நமக்கு இது புதுமையன்று. சுமப்பவர் இருவர் மணக்கக் கூடாதென்று எவரும் தடுப்பதில்லை. முன்பே அறிந்தால் குழந்தைப்பேற்றுக்கு முன்னரே மருத்துவரைக் கலந்து முடிவெடுக்கலாம், அவ்வளவே.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குத் தமிழில் பேசக்கூடிய மருத்துவர் ஒருவரை அழைக்குமாறு தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். ஆறாம் ஆண்டுப் பெற்றோர் அவசியம் வாருங்கள்.