ஐ.பி.கே.எஃப்: 4 டிவிஷன்கள் போனது எப்படி? திரும்பியது எப்படி?

திருச்செந்தூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். 1646 முதல் 1648 வரை டச்சுப் படை முருகன் கோயிலையே முகாமாக வைத்திருந்தது. கிளம்பும்போது சிலைகளையும் தூக்கிக்கொண்டு போனது. சிலை கடலில் கிடைத்ததைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். படை என்ன ஏற்பாட்டோடு வெளியேறியது என்று யாரும் கேட்பதில்லை.

சுமார் 340 வருடம் கழித்து, இதே மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் நம்ம ராணுவம் போய் இறங்கியது. இந்திய அமைதி காக்கும் படை, சுருக்கமாக ஐ.பி.கே.எஃப். அங்கே நடந்த சண்டையைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. ஆனால் அந்தப் படை எந்த வரிசையில் காலி செய்தது என்பதில்தான் பெரிய பாடம் இருக்கிறது.

போனது எப்படி?

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த நாளே 54-வது காலாட்படை டிவிஷன் பலாலியில் இறங்க ஆரம்பித்தது. ஒரு டிவிஷன் என்றால் பொதுவாக மூன்று பிரிகேட், ஒரு பிரிகேடுக்கு மூன்று பட்டாலியன். ஆயுதங்களை வாங்கி வைக்கும் வேலைதான் என்ற நினைப்பில் போனதால், முழு பலத்தோடு போகவில்லை.

அக்டோபரில் புலிகளோடு நேரடிச் சண்டை வெடித்ததும் கணக்கு மாறியது. திருகோணமலைக்கு 36-வது டிவிஷன், வவுனியாவுக்கு 4-வது, மட்டக்களப்புக்கு 57-வது மலைப்படை டிவிஷன் என்று ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். யாழ்ப்பாணம் 54-வது டிவிஷன் கையில். மேலே ஒட்டுமொத்தத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் திபீந்தர் சிங், பிறகு கல்கட். அதாவது, திட்டம் போட்டு அமைத்த படை இல்லை இது. அடி விழ விழ வளர்ந்த படை.

வந்தது எப்படி?

1989 ஜனவரியில் பிரேமதாசா அதிபரானார். ஜூலை 29-க்குள் இந்தியப் படை கிளம்ப வேண்டும் என்று ஜூன் மாதமே கெடு வைத்தார். செப்டம்பரில் இரு அரசுகளும் உடன்பாட்டுக்கு வந்தன. டிசம்பரில் டெல்லியில் வி.பி.சிங் ஆட்சி வந்ததும் வேகம் கூடியது.

கிழக்கில் அம்பாறையில் தொடங்கி மட்டக்களப்பு, பிறகு வடக்கு, கடைசியாகத் திருகோணமலை. 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் புறப்பட்டது. சென்னையில் வரவேற்கப் போக மாட்டேன் என்றார் முதல்வர் கருணாநிதி. சுமார் 1,200 வீரர்களை இழந்து திரும்பிய படை அது. அந்த அரசியல் சரியா தப்பா என்பது தனிச் சண்டை.

நாம் கேட்க வேண்டியது வேறு: படை காலி செய்த ஊர் யார் கைக்குப் போனது?

அதற்கு இருந்த முக்கிய ஏற்பாடு, வரதராஜப் பெருமாள் தலைமையிலான மாகாண அரசும், இந்தியா துணை நின்று உருவான 'தமிழ்த் தேசிய இராணுவமும்'தான். அதில் சேர்க்கப்பட்டவர்களில் பலர் வீதியில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பையன்கள். ஒவ்வொரு மாவட்டத்தை விட்டு இந்தியப் படை நகர்ந்ததும் புலிகள் உள்ளே வந்தார்கள். அந்த இராணுவம் சரிந்தது. பெருமாள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். 1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி போர்.

படை திரும்பியது தப்பு என்று சொல்லவில்லை. அந்த நாட்டு அதிபரே போகச் சொன்ன பிறகு நிற்க முடியாது. ஆனால் பேரத்தில் தேதிதான் முன்னால் நின்றது. பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்பது களத்தில் உறுதியாகவில்லை. 2024-ல் மாலத்தீவு இந்திய வீரர்களைப் போகச் சொன்னபோது, ஹெலிகாப்டர்களை இயக்க சிவில் தொழில்நுட்ப ஊழியர்களை அனுப்பிவிட்டுத்தான் மே 10-க்குள் வீரர்களைத் திருப்பி அழைத்தோம். சில டஜன் பேர் விஷயத்தில் காட்டிய நிதானம் அது.

1990-ல் படகேறி இந்தக் கரைக்கு வந்த குடும்பங்கள் பல இன்னும் முகாம்களில்தான் இருக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்திலேயே தாப்பாத்தியிலும் தாளமுத்து நகரிலும் பார்க்கலாம். 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் பட்டியலில் இலங்கை இல்லை.