மூப்புக்குக் காவல் உண்டு, கற்றதற்கு இல்லை

2022 ஜூனில் வெளியான இலங்கையின் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 14/2022 எல்லா வைத்தியசாலை விடுதிகளிலும் கைமாறி வாசிக்கப்பட்டது. அரச ஊழியர் ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக அது வழிவிட்டது. சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை என்றது. டொலர் வற்றிப்போன அரசுக்கு அப்போது அந்நியச் செலாவணியும் வேண்டியிருந்தது, சம்பளச் செலவில் மிச்சமும் வேண்டியிருந்தது. பெற்றோல் வரிசையில் காத்துக் கிடந்து கண்டிக்கருகே அக்குறணையிலிருந்து கடமைக்கு வந்த தாதி ஒருவர் அந்த விண்ணப்பப் படிவத்தைத் தேடியதைக் குறைசொல்ல எமக்கு மனம் வராது. போகிறவர்கள் போகட்டும், படிக்கட்டும் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

எதைப் படிப்பது என்பதில்தான் எமக்குக் கவலை. பேராதனையிலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ பட்டம் முடித்தவர்கள் முதுமாணிக்கு அதிதீவிர சிகிச்சையையும் சத்திரசிகிச்சைக் கூடத்தையும் தெரிவுசெய்கிறார்கள். வெளிநாட்டு முகவர்கள் அதிகம் கேட்பது அவற்றைத்தான். அந்த வேலையில் மனம் ஊன்றியவர் அதைப் படிப்பதில் பிழையில்லை. ஆனால் முகவர்களின் விளம்பரங்கள் மாறும். இரவுக் கடமையில் விடிய 4 மணிக்கும் உங்களுக்குச் சலிக்காத வேலை எதுவோ, அதுவே உங்கள் துறை.

அக்குறணையையே எடுத்துக்கொள்வோம். நீரிழிவுக்காரரின் பாதத்தில் 10 கிராம் நைலோன் இழையை வளையும்வரை அழுத்திப் பார்க்கச் சில நிமிடம் போதும். அவருக்கு அது உறைக்கவில்லையென்றால் அந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, செருப்பைப் புரட்டிப் பார்த்து, விரலிடுக்கை எப்படித் துடைப்பதென்று வீட்டாருக்கும் காட்டிக்கொடுக்கும் தாதி பிரதேச வைத்தியசாலையிலேயே இருந்தால், கண்டிக்குப் போய்க் காலை இழக்கும் நிலை பலருக்கு வராது. நீரிழிவு, முதியோர் பராமரிப்பு, உளநலம், சமூகத் தாதியியல் ஆகியவற்றைப் படியுங்கள் என்று ஆண்டாண்டாக எழுதிவருகிறோம். படித்தவருக்குக் கிடைத்தது என்ன? அதே தரம், அதே சம்பளம், அடுத்த இடமாற்றப் பட்டியலில் வேறொரு விடுதி.

சிறுவர் தீவிர சிகிச்சையில் முதுமாணி பெற்றுத் திரும்பிய ஒருவரை வெளிநோயாளர் பிரிவில் போட்டார்கள். காரணம் கேட்டதற்கு, “தாதி தாதிதானே, எங்கே போட்டால் என்ன?” என்றார் அதிகாரி. ஒரு கண் சத்திரசிகிச்சை நிபுணரிடம் இப்படிப் பேச அவருக்கு வாய் வருமா? சொந்தப் பணத்தில், கடன்பட்டு, பிள்ளையைத் தாயிடம் விட்டுப் படித்த படிப்பை ஒரு பொழுதுபோக்கைப் போலவே இன்றும் நடத்துகிறார்கள். சர்வதேசத் தாதியர் பேரவை 2020ஆம் ஆண்டு வழிகாட்டியில் உயர்நிலைத் தாதியத்துக்கு முதுமாணியைக் குறைந்தபட்சத் தகுதியாகப் பரிந்துரைத்தது. இங்கே அந்தத் தகுதிக்கென்று ஒரு நாற்காலிகூட இல்லை. திரும்பி வருபவரின் மூப்பைக் காக்கச் சுற்றறிக்கையில் வரி எழுதியவர்களுக்கு, அவர் கற்றதைக் காக்க ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

மேற்படிப்பு முடித்துத் திரும்பும் தாதியை அவர் கற்ற துறையிலேயே நியமிக்க வேண்டும். அந்தத் துறைக்குள் மட்டுமே இடமாற்ற வேண்டும். சுகாதார அமைச்சு இதைத் தனிச் சுற்றறிக்கையாகவே வெளியிடட்டும். தாதியர் சங்கங்கள் சம்பளப் பேச்சு மேசையில் இதையும் வைக்கட்டும். விடுமுறைக்கு விண்ணப்பிக்கும் சகோதர சகோதரிகளே, படிக்கப்போகும் துறையையும், திரும்பிவந்து பணியாற்ற விரும்பும் பிரிவையும் கடிதமாக எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். திகதி முத்திரையிட்ட பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.